'விஷப்பூச்சி' என்பது ஒரு பெயரா?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் பின் பெஞ்சில் தூங்கியவர்கள் இதையாவது கடைசி வரை படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணி இருக்கும். ஹாலில் டியூப்லைட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. கிட்டத்தட்ட என் உள்ளங்கை அகலம். பேத்திதான் முதலில் பார்த்தாள். "பாட்டி, மிலிட்டரி டிரஸ் போட்ட பூச்சி!" என்றாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. அன்று ராத்திரி நான் கேட்டதிலேயே உருப்படியான வர்ணனை அது ஒன்றுதான்.

போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பிலும் பழைய மாணவர் குரூப்பிலும் போட்டு, "இது என்ன பூச்சி, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் 23 பதில்கள். "அத்தை, தொடாதீங்க, அந்தத் தூள் கண்ணுல பட்டா பார்வை போயிடும்." "பெரியம்மா, உடனே மருந்து அடிங்க." "அடிச்சிடாதீங்க, வந்திருக்கிறது நம்ம வீட்டுப் பெரியவங்க." "டீச்சர், போன்ல தேடினேன், இது ஆப்பிரிக்காப் பூச்சி." விலங்கியல் பட்டம் வாங்கிய என் மாணவர் ஒருவர், "அட்லஸ் மாத், சந்தேகமே இல்லை" என்றார். இன்னொரு உறவுக்காரர் தன் வீட்டில் விளக்குமாற்றால் அடித்துப் போட்ட அதே பூச்சியின் படத்தை அனுப்பி, "நாங்களும் ஒண்ணு அடிச்சோம்" என்று பெருமைப்பட்டார். அதற்கு 11 பேர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள்.

இத்தனை பேரில் ஒருவராவது என்னைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டீர்களா? எவ்வளவு பெரிசு? இறக்கையை எப்படி வைத்திருக்கிறது? வாசலில் என்ன செடி இருக்கிறது? ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் 23.

அது என்ன என்று நான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஓலியாண்டர் ஹாக் மாத். அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நீரியை. நாம் அரளி அந்துப்பூச்சி என்று வைத்துக்கொள்வோம். அட்லஸ் இல்லை. அட்லஸ் செங்கல் நிறம், இறக்கையில் கண்ணாடி வைத்தாற்போல முக்கோணத் திட்டுகள் இருக்கும், அளவிலும் இதைப்போல இரண்டு மடங்கு. சுவரில் இருந்ததோ பச்சை. நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கோடுகள். உடம்பு கதிர் மாதிரி கனத்து, பின்னால் கூர்ந்திருந்தது. இறக்கையை ஜெட் விமானம் போலப் பின்னுக்குச் சாய்த்து வைத்திருந்தது. பட்டம் வாங்கியவர் படத்தைப் பார்க்கவில்லை. 'பெரிய பூச்சி' என்றதும் மனப்பாடம் செய்த பெயர் வாயில் வந்துவிட்டது.

ஆப்பிரிக்காவா? ஆமாம், அங்கேயும் உண்டு. ஐரோப்பாவின் தென்பகுதியிலும் உண்டு. நம் ஊரிலும் உண்டு. லின்னேயஸ் 1758-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். 'அங்கே இருக்கிறது' என்றால் 'இங்கே இல்லை' என்று அர்த்தமா?

சரி, விஷம்? இது கடிக்காது, கொட்டாது. வாயில் இருப்பது தேன் உறிஞ்சும் குழல். அந்தி நேரத்தில் மணமுள்ள பூக்களுக்கு முன்னால் தேன்சிட்டு மாதிரி அந்தரத்தில் நின்று குடிக்கும். கையில் ஒட்டும் தூள் இறக்கையின் செதில்கள். அதனால் குருடானவர் யாரும் இல்லை. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில கம்பளிப்புழுக்களின் ரோமம் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும், அவற்றை வெறுங்கையால் தொடக்கூடாது. ஆனால் அதற்காக, சுவரில் உட்கார்ந்த ஒவ்வொன்றையும் அடித்துக் கொல்ல வேண்டுமா?

வேடிக்கை என்ன தெரியுமா? இதன் புழு தின்னும் அரளி இலை நமக்கு நிஜமான விஷம். மாடுகூட வாய் வைக்காது. அந்த அரளியை நாம் வாசலில் வளர்க்கிறோம், நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக நடுகிறோம். அதற்குப் பயமில்லை. அதைத் தின்று வளர்ந்த பூச்சிக்குத்தான் பயம். அப்புறம், முகூர்த்தத்துக்குக் கட்டுகிறீர்களே காஞ்சிபுரம் பட்டு, அந்த நூலைத் தந்ததும் ஒரு அந்துப்பூச்சியின் புழுதான்.

மறுநாள் காலையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாசல் நந்தியாவட்டைக்குப் போனேன். இது அரளியைப் போலவே நந்தியாவட்டையிலும் முட்டையிடும். கீழே மண்ணில் மிளகு மிளகாக எச்சம். நிமிர்ந்து பார்த்தால் இலைக்கு அடியில் பச்சைப்புழு. வாலில் ஒரு சின்னக் கொம்பு, தலைக்குச் சற்றுப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பொய்க்கண்கள். பறவையை மிரட்டத்தான் அந்த வேஷம். போன வருஷம் என் தம்பி வீட்டில் "பாம்புத்தலைப் புழு" என்று பயந்து, 15 வருஷத்து நந்தியாவட்டையை அடியோடு வெட்டினார்களே, அந்தப் 'பாம்பு' இதுதான்.

"டீச்சர், பூச்சி பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பீர்கள். மக்காச்சோளம் போட்ட நம் விவசாயிகளிடம் கேளுங்கள். அமெரிக்கன் படைப்புழுவை இந்தியாவில் முதலில் கண்டது 2018-ல், கர்நாடகத்தில். அதே வருஷம் தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்துவிட்டது. அதுவும் ஒரு அந்துப்பூச்சியின் புழுதான். தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. அதைப் பார்க்கத் தெரிந்தவன் சீக்கிரம் சுதாரிப்பான். பார்க்கத் தெரியாதவன் ஏதோ புழு என்று கிடைத்த மருந்தை அடிப்பான். அரளிப் புழுவை அடிப்பதும் படைப்புழுவை விட்டுவிடுவதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள்.

"இதெல்லாம் நிபுணர்கள் வேலை" என்றும் சொல்ல வேண்டாம். நீலகிரிக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலுக்காக வந்தவர் ஹாம்ப்சன். அவர்தான் 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நாலு தொகுதிகள் எழுதினார். உங்கள் கையில் அவருக்கு இல்லாத கேமரா இருக்கிறது. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், தொடாமல் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம். ஊர், தேதி, அருகில் உள்ள செடி. போன் சொல்லும் பெயரை யூகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'மாத்ஸ் ஆஃப் இந்தியா' தளத்தில் ஒப்பிடுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றினால் தெரிந்தவர்கள் தப்பைத் திருத்துவார்கள். பூச்சி போக வேண்டுமென்றால் விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். அவ்வளவுதான்.

இவ்வளவு திட்டிவிட்டேன். இனி என் பங்கு. வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் ஐந்து வேறுபாடுகள் என்று 31 வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். நீங்களும் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கினீர்கள். நம் பள்ளிக்கூடச் சுவரோரமும் நந்தியாவட்டை இருந்தது. ஒரு நாள்கூட உங்களை அங்கே கூட்டிப்போனதில்லை. ஒருமுறை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜாமெட்ரி பாக்ஸில் கொம்பு வைத்த பச்சைப்புழு ஒன்றைக் கொண்டுவந்து, "டீச்சர், இது என்ன?" என்றான். "அதைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து பாடத்தைக் கவனி" என்றேன். அன்று நடத்திக்கொண்டிருந்த பாடம் பூச்சிகளின் வாழ்க்கைச் சுழற்சி.

என்ன பூச்சி என்று கேட்டவனை நான் உட்காரவைத்தேன். இன்று கேட்காமலே அடிக்கிறீர்கள். இதில் யாரைக் குறை சொல்வேன்? அந்தப் பையன் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: தம்பி, அது அரளி அந்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது.

வீட்டுப்பாடம்: இன்று ராத்திரி வாசல் விளக்கைப் போட்டுப் பத்து நிமிஷம் சுவரைப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பார்த்ததைக் கமென்டில் எழுதுங்கள். 'விஷம்' என்று எழுதினால் பூஜ்யம் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்