கைருன்னிசாவின் திருமணம்: காதல் வென்றதா?

ஹைதராபாத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டாக, அதாவது நிஜாம் அவையில் அதன் பிரதிநிதியாக, இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக், பின்னாளில் நிஜாமின் முதலமைச்சரான மீர் ஆலமின் உறவுக்காரப் பெண் கைருன்னிசாவை 1800ஐ ஒட்டி மணந்தார். அதற்காக இஸ்லாத்தையும் தழுவினார். மதமும் இனமும் பேரரசும் இந்தக் காதலுக்கு முன் தோற்றுப்போயின என்பது பரவலான பேச்சு. காதல் மெய்தான். தோற்றது பேரரசு அல்ல.

கிர்க்பாட்ரிக் பேரரசை எதிர்த்து நின்றவர் என்கிறார்கள். 1798இல் நிஜாமின் பிரெஞ்சுப் படையைக் கலைத்ததும், 1800இல் நிஜாமைக் கம்பெனிப் படையை நம்பி வாழ வைத்த ஒப்பந்தத்தை முடித்ததும் அவர்தான். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கெடுபிடி பின்னர் அவருக்குக் கசந்தது. ஒப்பந்தமோ அப்படியே நின்றது.

வெள்ளைக்காரரிடம் மயங்கிய பேதைப் பெண் என்ற சித்திரமும் தவறு. வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கைருன்னிசா அந்த மணத்தை மறுத்தார். தாத்தா எதிர்த்தபோதும் தாய் ஷரஃபுன்னிசா மகள் பக்கம் நின்றார்.

இருவரும் சமமாக வாழ்ந்தார்கள் என்பதுதான் மிகப் பெரிய பிழை. 1805இல் இரண்டு குழந்தைகளும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். மகன் சாஹிப் ஆலமுக்கு நான்கு வயது, மகள் சாஹிப் பேகத்துக்கு மூன்று. கப்பலேறுமுன் சென்னையில் ஓவியர் ஜார்ஜ் சின்னரி அவர்களை ஹைதராபாத் உடையிலேயே வரைந்தார். மறு ஆண்டு லண்டனில் ஞானஸ்நானம். வில்லியம் ஜார்ஜ், கேத்தரின் அரோரா என்று பெயர்கள் மாறின. பெற்றவள் அவர்களை மறுபடி பார்க்கவே இல்லை. அதே 1805 அக்டோபரில் கிர்க்பாட்ரிக் கல்கத்தாவில் இறந்தபோது கைருன்னிசாவுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. கணவரின் உதவியாளராக இருந்த ஹென்றி ரஸ்ஸல் அவருடன் உறவு கொண்டார். பிறகு அவரை மசூலிப்பட்டினத்தில் விட்டுவிட்டு வேறொருத்தியை மணந்தார். 1813இல் கைருன்னிசா இறந்தார். மகள் கேத்தரின் பாட்டி ஷரஃபுன்னிசாவோடு கடிதத் தொடர்பு கொள்ள 1840கள் வரை ஆயிற்று. தந்தைக்கு விருப்பமும் பதவியும் சேர்ந்தே கிடைத்தன. தாய்க்கோ பிள்ளைகளும் மிஞ்சவில்லை.

அது கலப்பு மணங்களை ஏற்ற பொற்காலம், விக்டோரியா காலத்தில்தான் கெட்டது என்பது கடைசி வாதம். பல கம்பெனி அதிகாரிகள் இந்தியப் பெண்களோடு குடும்பம் நடத்தியது உண்மை. ஆனால், இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவப் பதவிகள் கிடையாது என்ற தடை 1791இலேயே வந்துவிட்டது. சாஹிப் ஆலம் பிறந்தபோதே தந்தையின் நாற்காலி அவனுக்கு இல்லை என்று கம்பெனி முடிவு செய்திருந்தது.