யாருடைய கவனக்குறைவு?

திருகோணமலைப் பட்டினத்தை அடுத்த அன்புவழிபுரத்தில் சிறு கடை வைத்திருப்பவரையும், கடனுக்கு ஒரு கணினி வாங்கித் தட்டச்சும் நிழற்பிரதியும் செய்து பிழைக்கும் இளைஞரையும் நோக்கி இன்று ஓர் உபதேசம் ஓயாது பொழியப்படுகிறது. கணக்குகளைக் கணினிக்கு மாற்றுங்கள்; மாற்றியபின் விழிப்பாயிருங்கள்; ஏதும் பறிபோனால் அது உங்கள் கவனக்குறைவு! நல்ல உபதேசந்தான். ஆனால் உபதேசிப்போர் தம்முடைய வீட்டுக் கதவை எவ்வாறு பூட்டினர் என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

2023 ஆகஸ்ட் இறுதியில், 'லங்கா கவர்மென்ட் கிளவுட்' எனப்படும் அரசாங்கப் பொதுக் கணினித் தொகுதியைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடக்கம். தொகுதி மீண்டும் இயங்கியது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பவில்லை. அக்காலத்துக்குரிய நகல் இல்லை! மூன்று மாதத்துக்கும் மேலாக ஓர் அரசு தன் கடிதங்களுக்கு நகல் வைத்திருக்கவில்லை என்றால், கடைக்காரரை நோக்கி நீளும் அந்த விரலை என்னென்பது?

காரணமும் வெளிவந்தது. அஞ்சலுக்குப் பயன்பட்ட மென்பொருள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் 2013. அதனைத் திருத்திக்கொடுக்கும் பொறுப்பிலிருந்து அந்நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே விலகிவிட்டது. புதியதற்கு மாறும் எண்ணம் 2021 முதலே இருந்ததாம். நிதித் தட்டுப்பாட்டாலும் முந்திய பணிப்பாளர் சபையின் முடிவுகளாலும் அது தள்ளிப்போனதாம். பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் தந்த விளக்கம் இதுவே. திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கிறது. திறந்ததைப் பேணுவதற்குக் கிடைப்பதில்லை. நம் குளங்களுக்கும் பாடசாலைக் கூரைகளுக்கும் நேர்ந்ததே கணினிக்கும் நேர்ந்தது.

தனியார் பெருநிறுவனங்களில் மட்டும் நிலைமை வேறென்று எண்ண வேண்டாம். துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கப்பல் உலகின் கதையொன்றைக் கேட்போம். 2017 ஜூனில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை 'நொட்பெட்யா' என்னும் நச்சுநிரல் முடக்கியது. அது நுழைந்த வழி எது? உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பயன்பட்ட ஒரு மென்பொருளின் முறையான புதுப்பிப்பு! எந்த லிகிதரும் பொல்லாத கடிதம் எதையும் திறக்கவில்லை. 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் மீள நிறுவ ஊழியர்கள் இரவு பகலாய் உழைத்தனர். அவ்வலையமைப்பின் உயிர்நாடியான பதிவேடு தப்பியது எங்கே தெரியுமா? கானா நாட்டுக் கிளையில். அவ்வேளை அங்கே மின்சாரம் தடைப்பட்டு, அந்தக் கணினி வலையிலிருந்து அறுபட்டிருந்தது. உலகப் பெருநிறுவனத்தை ஓர் ஏழை நாட்டின் மின்வெட்டுக் காப்பாற்றியது! முதலாளித்துவத்தின் திட்டமிடும் திறனைப் புகழ்வோர் இதற்கு என்ன சொல்வார்கள்?

அறுபட்டு நின்ற ஒரு நகல். இதில் நம் மக்களுக்குப் புதிதாய்க் கற்பிக்க ஒன்றுமில்லை. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்போடு கொண்டு திரிந்தன. பிரதியொன்றை வேறூர் உறவினரிடம் கொடுத்துவைத்தன. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் என்றென்றைக்குமாய் அழிந்ததை நாம் மறக்கவில்லை. கணினியோடு எப்போதும் பிணைந்திருக்கும் நகல் கணினியோடு சேர்ந்தே பூட்டப்படும். கழற்றி வேறிடத்தில் வைத்ததே நகல். இதற்குத் தேவை ஒரு வன்தட்டும் வாரத்தில் அரை மணி நேரமும். அச்சத்தை விற்கும் வியாபாரிகள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் விலையுயர்ந்த பெட்டிகளை யார் வாங்குவர்?

ஆனால் அந்த அரை மணி நேரம் யாருடையது? கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் பெண்ணின் மேலதிக வேலையாய், சம்பளமின்றி, அது சுமத்தப்படுவதை நாம் ஏற்கமாட்டோம். அதனைக் கடமைப் பட்டியலில் எழுதுங்கள். அதற்குரிய ஊதியத்தைக் கொடுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் செலவை ஆண்டு மதிப்பீட்டில் தனித் தலைப்பாக வையுங்கள். நிரந்தரத் தொழில்நுட்ப ஊழியரை நியமியுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளைகளின் புள்ளிகளும் பெற்றோரின் விபரங்களும் எந்தக் கந்தோரின் கணினியில் கிடக்கின்றனவோ, அங்கே சென்று மேலதிகாரியிடம் கேளுங்கள்: நகல் எங்கே இருக்கிறது? அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்த கடைசி நாள் எது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.