நிறைகோல் யார் கையில்?

கதிர் என்பது இரு பொருள் தரும் சொல். ஞாயிற்றின் ஒளியும் கதிர். வயலில் விளையும் நெல்லும் கதிர். மட்டக்களப்பின் வடபால், வாகரையை அடுத்த கதிரவெளியில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆயினும், ஒரே நிலத்தில் இரண்டையும் அறுவடை செய்தல் எளிதன்று. கடலோரக் காற்றும் உமியும் உள்ள இத்தகைய ஊர்களுக்கு எவ்வழி மின்சாரம் தக்கது என்பதே வினா.

2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்கைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவது இலங்கையின் குறிக்கோள். குறிக்கோள் நன்று, தெரிவு செய்யும் முறைதான் நம் கவலை. மன்னாரில் காற்று வலிது என்று 103.5 மெகாவாற் காற்றாலைகள் எழுந்தன. மேலும் எழுப்ப முற்பட்டபோது, பறவைகள் வலசை வரும் வழியும் மீனவர் வாழ்வும் கேள்விக்குள்ளாயின. 2025 ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தனர். பணிகள் ஒரு மாதம் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் திருகோணமலை முத்துநகர் உழவர், தாம் வேளாண்மை செய்த நிலம் சூரிய மின் திட்டத்துக்குச் சென்றதை எதிர்த்துப் போராடினர். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ, மின்தேவை குன்றியதால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. காற்றும் வெயிலும் மட்டும் போதா என்பதற்கு இவை சான்று.

இத்தகைய சிக்கலுக்கு 1970களில் தோமஸ் சாட்டி என்ற அறிஞர் ஒரு முறை வகுத்தார். விலை, நிலம், பறவை, தொழில், பருவம் ஆகியவற்றை ஒரேயடியாக எடைபோடாமல், இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும். எது எத்தனை மடங்கு முக்கியம் என்பதற்கு 1 முதல் 9 வரை எண் இட வேண்டும். அவ்வெண்களிலிருந்து ஒவ்வொன்றின் நிறையும் கணிக்கப்படும். விலையினும் நிலம் பெரிது, நிலத்தினும் பறவை பெரிது என்றவர், பின் பறவையினும் விலை பெரிது என்பாராயின், அம்முரணையும் கணக்கு காட்டிக் கொடுக்கும். இழப்பையும் பயனையும் எண்ணிச் செயற்படுக என்று ‘தெரிந்து செயல்வகை’யில் வள்ளுவர் அறிவுறுத்தியதற்கு இஃது எண்வடிவம் எனலாம்.

ஆனால் நிறைகளைச் சிறிது மாற்றினாலே முடிவும் மாறுமாயின், முடிவு செய்வது கணக்கன்று, நிறையிட்டவரே. கொழும்பில் இருப்பவருக்கு அலகின் விலை பெரிது. கச்சான் காற்றில் வயல் காய்வதையும் மாரியில் வானம் மூடுவதையும் கண்டு வாழ்பவருக்கு நிலமும் பருவமும் பெரியன. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஒருவர் மட்டும் நிறையிட்டு, மற்றவரிடம் முடிவை அறிவிப்பது முறையாகாது.

திட்டம் வரைந்த பின் கூட்டும் கூட்டம் கலந்தாய்வாகாது. நிறையிடும் வேளையிலேயே உழவரும் மீனவரும் அமர வேண்டும். இட்ட எண்கள் தமிழில் வெளிப்பட வேண்டும். எவ்வயல் எப்போகம் விளைகிறது, எக்கரையில் எம்மாதம் வலை இறங்குகிறது என்ற பட்டியலை ஆசிரியரும் மாணவரும் இன்றே தொகுக்கலாம். நிறைகோலில் இடுவதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லையாயின், தட்டு பிறர் பக்கம் சாய்வதில் வியப்பென்ன?