ஆள் மேலும் வெயில் விழட்டும்!

மரத்தடியில் நிற்பவரை வரையும்போது பலருக்கும் ஒரே சிக்கல் வரும். மரமும் நன்றாக இருக்கும், ஆளும் நன்றாக இருப்பார். ஆனால் இரண்டும் ஒட்டாது. ஆளை எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். இலை இடுக்கில் வரும் வெயிலை மரத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு, ஆளை மறந்துவிடுவதுதான் காரணம்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே. 1865-ல், 24 வயதில், ஃபோன்டென்ப்ளோ காட்டை ஒட்டிய ஊரில் தங்கி 'புல்வெளியில் மதிய உணவு' ஓவியத்துக்கான வேலையை ஆரம்பித்தார். உயரமே 4 மீட்டருக்கு மேல்! காட்டில் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து பழகி, பெரிய படத்தை ஸ்டூடியோவில் தீட்டினார். 1866 கண்காட்சிக்குள் முடிக்க முடியவில்லை.

அந்தப் படத்தில் புல் மேல் விரித்த வெள்ளைத் துணியைப் பாருங்கள். நிழல் விழுந்த இடம் நீலம் கலந்திருக்கும். வெயில் பட்ட இடம்தான் வெள்ளை.

நீங்களும் எண்ணெய் வண்ணத்தில் செய்து பார்க்கலாம். முதல் அடுக்கில் டர்பன்டைன் கலந்து, மெல்லிசாக, மரம், தரை, ஆள் எல்லாவற்றுக்கும் நிழல் நிறத்தைப் பூசுங்கள். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், கொஞ்சம் ஆளி விதை எண்ணெய் சேர்த்து நடு நிறங்கள். கடைசியாக, வெயில் புள்ளிகளைக் கெட்டியாக வையுங்கள். தரையில் அவை நீள்வட்டமாக இருக்கும். சட்டையில் விழுந்தால் மடிப்போடு சேர்ந்து வளையும். தோளில் ஒன்று, கன்னத்தில் ஒன்று போதும். ஆள் காட்டுக்குள் வந்துவிடுவார்.

ஒன்றை மறக்காதீர்கள். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். இந்த வண்ணம் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. எண்ணெய் அதிகமானால் இன்னும் தாமதமாகும். மேல் அடுக்கு முந்திக் காய்ந்தால் வெடிப்பு விழும்.

படம் முடிந்ததும் சுருட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். 1878-ல் வாடகை பாக்கிக்காக அந்தப் பெரிய படத்தை வீட்டுக்காரரிடம் அடகாக விட்டார் மோனே. 1884-ல் மீட்டபோது நிலவறை ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. வேறு வழியில்லாமல் வெட்டினார். மிஞ்சிய இரண்டு துண்டுகள் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஈரமில்லாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள். அடுத்த வாரம், தண்ணீரில் விழும் நிழல்!