மலையடி ஊருக்கும் கடல் விளக்கு சொந்தம்!

புளியறை மலையடிவார ஊர். மேற்கே மலை, கிழக்கே வயல். செங்கோட்டையிலிருந்து கேரளத்துக்குப் போகும் சாலை இங்கேதான் பாம்பு போல வளைந்து மலை ஏறுகிறது. கடல் அலையின் ஓசை இந்த ஊருக்குக் கேட்காது. உப்புக் காற்றும் வீசாது.

அப்படியிருக்க, கடற்கரையில் நிற்கும் கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் புளியறைக்காரருக்கு என்ன கவலை? “மழை பெய்ததா, குளம் நிறைந்ததா என்று பார்ப்போம். கடல் விளக்கு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன?” என்று யாரும் கேட்கலாம்.

கேட்பது நியாயந்தான். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமானது அல்ல.

ஊர் வழியாகப் போகும் அந்தச் சாலை கொல்லம் வரை செல்கிறது. பக்கத்தில் பகவதிபுரம் வழியாகப் போகும் ரயில் பாதையும் கொல்லத்துக்கே போகிறது. அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1904-ஆம் ஆண்டில். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1902-ல், கொல்லத்தை ஒட்டிய தங்கசேரிக் கரையில் ஒரு கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. கப்பலுக்கு வழிகாட்ட விளக்கும், சரக்கு ஏற்றி இறக்க ரயிலும் அடுத்தடுத்து வந்தன. மலைக்கு இந்தப் பக்கம் விளைந்த பொருள், அந்தப் பக்கம் கடலைப் பார்க்கப் புறப்பட்டது.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1-ந் தேதி வரை திருவாங்கூரைச் சேர்ந்த பகுதியாக இருந்தது. அந்தத் திருவாங்கூர் சமஸ்தானம் 1862-ல் ஆலப்புழைக் கரையில் ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பியது. தேங்காய் எண்ணெய் ஊற்றி அதை எரித்தார்கள். சமஸ்தானத்தின் கஜானாவுக்குச் செங்கோட்டை வயல்களின் வரியும் போயிற்று. கடலையே பார்த்திராத உழவனின் காசும் சேர்ந்துதான் அந்த விளக்கு எரிந்தது என்று சொன்னால் தவறில்லை.

அழைக்கும் விளக்கு

கலங்கரை விளக்கம் என்ற பெயரே அழகானது. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். கப்பலை ‘வா’ என்று அழைக்கும் விளக்கு அது. இந்தச் சொல் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. வெள்ளைக்காரன் வந்த பிறகு நாம் கற்றுக்கொண்ட விஷயம் அல்ல இது!

மாமல்லபுரத்தில் பாறை உச்சியில் பல்லவர் காலத்துக் கோயில் ஒன்று இருக்கிறது. பக்கத்திலே இப்போதுள்ள கல் கோபுரம் வருவதற்கு முன்பு, அந்தக் கோயிலின் மேல்தளத்தில்தான் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள்.

விளக்கை ஏன் அவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்? பூமி உருண்டை. தூரத்தில் இருக்கும் வெளிச்சத்தைக் கடலின் வளைவு மறைத்துவிடும். தங்கசேரிக் கோபுரத்தின் உயரம் சுமார் 135 அடி. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 14 மைல் தூரம் வரை கடல் தெரியும். விளக்கு தரையில் இருந்தால் இரண்டு மூன்று மைலுக்கு மேல் பயன்படாது.

ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் ஒவ்வொரு விதமாகக் கண் சிமிட்டும். இத்தனை விநாடிக்கு இத்தனை முறை என்று கணக்கு உண்டு. மாலுமி அந்தக் கணக்கைப் பார்த்து, “இது இன்ன ஊர்” என்று தெரிந்துகொள்வார். பகலில் அடையாளம் தெரிய, கோபுரத்துக்குப் பட்டை பட்டையாக வர்ணம் அடிப்பார்கள். தங்கசேரியில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிச் சாய்ந்து சுற்றிக்கொண்டு போகும்.

சென்னையின் நான்கு விளக்குகள்

சென்னையில் மட்டும் நான்கு விளக்குகள் அடுத்தடுத்து எரிந்திருக்கின்றன. முதல் விளக்கு 1796-ல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் வைக்கப்பட்டது. இரண்டாவது 1844-ல் தனிக் கல் தூணில் ஏற்றப்பட்டது. அந்தத் தூண் இன்றும் ஐகோர்ட்டு வளாகத்தில் நிற்கிறது. மூன்றாவது 1894-ல் ஐகோர்ட்டுக் கோபுரத்தின் உச்சிக்கே போயிற்று. நீதி வழங்கும் இடமே கப்பலுக்கு வழியும் காட்டியது! நான்காவது 1977-ல் மெரினாவில் வந்தது. இப்போது எரிவது அதுதான்.

விளக்கு இடம் மாறியது. பழைய தூண் என்ன ஆயிற்று? வேலை போன கிழவரைப் போல ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. வழக்குக்காக அந்தப் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேர் அதை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்?

இனி விளக்கு எதற்கு?

“ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள் வழி சொல்கிறது. கையளவு கருவி இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. இனிக் கலங்கரை விளக்கம் எதற்கு?” என்று படித்தவர்கள் சிலர் கேட்கிறார்கள்.

பெரிய கப்பலுக்கு அந்தக் கருவி போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கருவி கெட்டுப் போகலாம். மின்சாரம் தீரலாம். ஆகாயத்திலிருந்து வரும் சமிக்ஞையைக் குழப்பிவிடவும் முடியும். கருவி சொல்வது சரிதானா என்று சரிபார்க்கக் கண்ணுக்குத் தெரியும் ஒரு சாட்சி வேண்டாமா? நடு இரவில் வள்ளத்தில் திரும்பும் மீனவன், அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் “கரை வந்துவிட்டது” என்று மூச்சு விடுகிறான். அந்த ஒரு மூச்சுக்கு விலை போட முடியுமா?

துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்கள் விளக்குக் கட்டணம் கட்டுகின்றன. அந்தப் பணத்தில் எரியும் விளக்கு, காசு கட்டாத கட்டுமரத்துக்கும் வழி காட்டுகிறது. இருப்பவன் கொடுக்க, இல்லாதவனும் பயன் அடைகிறான். இதைவிட நல்ல தருமம் எது?

அமெரிக்காவைப் பாருங்கள்

அமெரிக்காவில் பாஸ்டன் துறைமுகத்தில் 1716-ல் முதல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. பிறகு கடலோரத்திலும் பெரிய ஏரிக்கரைகளிலும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. காலம் மாறியது. பல விளக்குகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவற்றை இடித்துத் தள்ளிவிடவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். பழைய விளக்கத்தைப் பராமரிக்க முன்வரும் ஊருக்கோ சங்கத்துக்கோ அதை இலவசமாகவே கொடுத்தார்கள். கேட்க ஆள் இல்லாவிட்டால்தான் ஏலம்.

ஹாட்டெராஸ் முனை என்ற இடத்தில் 1870-ல் கட்டிய செங்கல் கோபுரத்தைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. 1999-ல் அந்தக் கோபுரத்தை அப்படியே தூக்கி, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, 2,900 அடி தள்ளி வைத்துவிட்டார்கள்! இடிந்தால் இடியட்டும் என்று விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

நம் நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் புதுச் சட்டம் வந்தது. பழம்பெருமை வாய்ந்த கலங்கரை விளக்கங்களைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க அதில் இடம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில், நாட்டின் 75 கலங்கரை விளக்கங்களில் பார்வையாளருக்காகச் செய்த வசதிகள் தூத்துக்குடியில் நடந்த விழாவில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் டிக்கெட் விற்கும் இடத்துக்கு மட்டும் வெள்ளை அடித்தால் போதாது. விளக்கு அணைந்து நிற்கும் பழைய கோபுரங்களையும் காப்பாற்ற வேண்டும். பெரிய கப்பல் வராத கரை என்பதற்காக மீனவனின் விளக்கை அணைத்துவிடக் கூடாது.

ஊரார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. புளியறை, செங்கோட்டை, தென்காசிப் பள்ளிப் பிள்ளைகளைக் கொல்லம் ரயிலில் ஏற்றி, தங்கசேரிக்கு அழைத்துப் போகலாம். பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2018-ல் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. போகும் வழியில் மலையும் குகையும் பதின்மூன்று கண் பாலமும் பார்க்கலாம். வீட்டுப் பெரியவர்களும் கூடப் போகலாம்.

மலையடிப் பிள்ளை ஒன்று அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, “இது யாருக்காக எரிகிறது?” என்று கேட்கட்டும். “முகம் தெரியாத யாரோ ஒருவர் பத்திரமாக வீடு போய்ச் சேருவதற்காக” என்று ஆசிரியர் பதில் சொல்லட்டும். பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு நன்றாக மனத்தில் பதியாது.