ஞானஸ்நானம் எதைக் கழுவியது?

எம்.ஏ. தமிழ் சேரப் பல்கலைக்கழகம் போனேன். 'வேதக்காரங்க எஸ்.சி.ல வரமாட்டீங்க, பி.சி.தான்' என்றார் கிளார்க். 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. 1956இல் சீக்கியத் தலித்துக்கும் 1990இல் பவுத்தத் தலித்துக்கும் திறந்த கதவு எங்களுக்கு இன்றுவரை திறக்கவில்லை.

சரி, சாதிதான் போய்விட்டதே என்று ஊருக்கு வந்தால், நாத்து நட்டு என்னைப் படிக்கவைத்த அம்மாவைப் புதைக்கக் கல்லறையில் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இடம். 'ஊர் வழக்கம்ப்பா' என்றார் பங்குச் சாமியார். 'ஞானஸ்நானத் தண்ணி சர்க்கார் பேப்பர்ல மட்டுந்தான் சாதியக் கழுவுமா சாமி?' என்று கேட்டேன். பதில் இல்லை.

ஆயர்களே, டெல்லிக்கு மனு எழுதுங்கள். கையெழுத்து நாங்களும் போடுகிறோம். ஆனால் முதலில் கடப்பாரையோடு வாருங்கள். உங்கள் கல்லறைச் சுவரை இடிக்க டெல்லி உத்தரவு எதற்கு?