‘சொந்தக் காரணம்’ என்னும் திரை

2023 டிசம்பரில் ஒன்றிய அரசு மக்களவையில் அளித்த ஒரு பதில் எளிதில் மறக்கத்தக்கதல்ல. முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து படிப்பை முடிக்காமல் வெளியேறிய தலித், பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும் 9,642 பேர். அவர்கள் விரும்பிய வேறு இடம் கிடைத்திருக்கும், இல்லையேல் சொந்தக் காரணமாக இருக்கும் என்று அமைச்சகம் கைகழுவிக்கொண்டது.

சொந்தக் காரணம் என்பது என்ன? 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதி மாடியிலிருந்து விழுந்து முதலாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவர் வகுப்பில் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. ராகிங் கொடுமை தொடர்பாக முன்னாள் மாணவர் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். அந்த இளைஞர் உயிரோடு தப்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தால், பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கக்கூடியது அதே இரண்டு சொற்கள்தான். இடதுசாரி மாணவர் அரசியலுக்குப் பெயர்பெற்ற வளாகத்திலேயே இது நிகழ்ந்தது என்பதை மூடிமறைக்க வேண்டியதில்லை.

தந்தையின் நோய், கட்ட முடியாத விடுதி வாடகை, மகளுக்கு அவசரமாக நிச்சயிக்கப்பட்ட திருமணம் ஆகியவையும் இந்தத் தலைப்பின்கீழ்தான் அடங்கிவிடுகின்றன. பட்டம் பெற்றால் வேலை உண்டு என்ற நம்பிக்கையும் உடைந்துவிட்டது. மேற்கு வங்கத்தில் 2016 ஆசிரியர் தேர்வு முறைகேட்டின் விளைவாக 25,753 ஆசிரியர், ஊழியர் நியமனங்களை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முறையாகத் தேர்வெழுதியவர்களும் வீதிக்கு வந்தனர். பட்டம் முடித்தவர்களின் கதி இதுவென்றால், மூன்றாம் பருவத்தில் தடுமாறும் ஏழை மாணவர் எதை நம்பித் தொடர்வார்?

தேசியக் கல்விக் கொள்கை இதற்குக் கண்டுபிடித்துள்ள தீர்வு விசித்திரமானது. ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம். இடைநிற்றல் இனி இடைநிற்றலே அல்ல. அது ஒரு ‘தெரிவு’! இக்கொள்கையின் நான்காண்டுப் பட்டப்படிப்பை 2023-24இல் திரிணாமுல் அரசும் நடைமுறைப்படுத்தியது.

விலகும் ஒவ்வொரு மாணவரின் காரணமும் சாதி, பாலினம், குடும்ப வருமானத்துடன் பதிவு செய்யப்பட்டு வெளியிடப்பட வேண்டும். நிறுத்தப்பட்ட மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை மீட்கப்பட வேண்டும். வங்கத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் பல ஆண்டுகளாக முடக்கப்பட்ட மாணவர் பேரவைத் தேர்தல்கள் நடத்தப்பட வேண்டும். மாணவர் அமைப்புகளின் பங்கு, சேர்க்கை நாளன்று வாசலில் துண்டறிக்கை தருவதோடு முடிவதில்லை. முதற்பருவ இறுதியில் வகுப்பில் காலியாகக் கிடக்கும் இருக்கை யாருடையது என்று விசாரித்து, அந்த மாணவரின் வீட்டுக் கதவைத் தட்டுவதும் அவர்கள் வேலையே.